ஐக்கிய அமெரிக்காவின் நாணயமும் தாட்பணமும்

நாணயம் என்னும் சொல் தமிழ் வழக்கிலே இருபொருள் தந்து நிற்பது. பொன், வெள்ளி, செம்பு முதலியவற்றால் ஆகிய காசை அது குறிக்கும். சொன்ன சொல் தவறாத ஒழுக்கத்தையும் அதுவே குறிக்கும். ஒருவனை நாணயமானவன் என்று ஊரார் கூறுங்கால் அவன் மடியிலுள்ள காசை அவர்கள் கருதுவதில்லை. உலோகக் காசு தன் பெறுமதியைத் தன்னுடலிலேயே தாங்கிச் செல்வது. தாட்பணமோ பிறரொருவர் கொடுத்த வாக்கைத் தாங்கிச் செல்வது. ஆகலின், தாட்பணத்தின் வரலாறு என்பது வாக்குக் கொடுத்தவர் யார், அதனை அவர் எவ்வளவு காலம் காத்தார், காவாதவிடத்து நட்டமடைந்தவர் யார் என்னும் வினாக்களின் வரலாறேயாம். ஐக்கிய அமெரிக்க நாட்டிலே இவ்வினாக்கள் போர்க்காலத்திலும் அமைதிக்காலத்திலும், மக்கள் மன்றத்திலும் நீதிமன்றத்திலும் திரும்பத் திரும்ப எழுந்தன. அதனால் அந்நாட்டின் பண வரலாறு பொருளியல் பயில்வோர்க்கேயன்றி வரலாறு பயில்வோர்க்கும் உரியதாகின்றது.

ஆங்கிலேயர் அமெரிக்காவின் கீழ்க்கரையிற் குடியேறிய காலத்தில் அவர்களிடம் நிலமும் மரமும் மீனும் மிகுந்திருந்தன. காசு மட்டும் இருந்திலது. இங்கிலாந்திலிருந்து வேண்டிய பொருள்களை வாங்குதற்குக் கையிலிருந்த வெள்ளியெல்லாம் கடல் கடந்து சென்றது. வேர்ஜீனியாவிலே வரியும் குருமாரின் சம்பளமும் புகையிலையாகச் செலுத்தப்பட்டன. மசாச்சுசெற்ஸ் குடியேற்றத்திலே செவ்விந்தியர் சிப்பி ஓடுகளைத் துளைத்துக் கோத்த மணிகள் சிறு கடன்களை இறுக்கும் பணமாகச் சில காலம் சட்டத்தால் ஏற்கப்பட்டன. 1652 இல் அதே குடியேற்றம் பொஸ்ரன் நகரில் ஓர் அக்கசாலை அமைத்துத் தேவதாரு மரம் பொறித்த சிலிங்குகளை வெளியிட்டது. அவ்வக்கசாலை ஏறக்குறைய முப்பதாண்டு தொழிற்பட்டும் அச்சிலிங்குகள் யாவும் 1652 என்னும் ஆண்டையே தாங்கின. காசடிக்கும் உரிமை முடிக்கே உரியது; 1652 இலோ இங்கிலாந்தில் அரசன் இல்லை; ஆகவே அவ்வாண்டைப் பொறித்தால் எவருடைய உரிமையையும் மீறியதாகாது என்று குடியேறினோர் சூழ்ந்தனர் என்பர்.

எனினும் மக்கள் கையில் மிகுதியும் புழங்கியது ஸ்பானியரின் வெள்ளிக் காசே. மெக்சிக்கோவிலும் பெருவிலும் அகழ்ந்த வெள்ளியால் ஆகிய அக்காசு எட்டு ரியால் பெறுமதியுடையது. சில்லறை வேண்டுமிடத்து அதனை எட்டுத் துண்டாக வெட்டிக் கொடுத்தலும் உண்டு. கால் டொலரை 'இரண்டு துண்டு' என வழங்கும் அமெரிக்கப் பேச்சுவழக்கு இதிலிருந்து வந்ததே. டொலர் என்னும் பெயரோ ஸ்பானியருக்கும் உரியதன்று. பொகீமியாவிலுள்ள யோக்கிம்ஸ்தால் என்னும் பள்ளத்தாக்கில் 16 ஆம் நூற்றாண்டில் வெட்டியெடுத்த வெள்ளியால் ஆகிய காசு 'தாலர்' எனப்பட்டது; அதுவே ஆங்கிலர் நாவில் டொலர் எனத் திரிந்தது.

தாட்பணம் பிறந்த வரலாறு போரொடு தொடர்புடையது. 1690 இல் மசாச்சுசெற்ஸ் குடியேற்றம் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கியூபெக் நகரின்மேற் படையனுப்பியது. வெற்றி கிடைக்கும், கொள்ளைப் பொருளிலிருந்து போர்வீரர் சம்பளத்தைக் கொடுத்துவிடலாம் என்று நம்பியே அப்படை புறப்பட்டது. படை தோற்றுத் திரும்பிற்று, திறைசேரியிற் காசில்லை, வீரர்களோ சம்பளம் கேட்டு நின்றனர். அவ்வேளையில் 7,000 பவுண் பெறுமதியான கடன் சீட்டுகளை அச்சிட்டு அரசு அவர்களுக்கு வழங்கியது. அச்சீட்டுகளை வரியாகச் செலுத்தலாம் என்பதே அவற்றின் பின்னின்ற உறுதி. சீனர் இதற்குப் பல நூற்றாண்டு முன்னரே தாட்பணம் கண்டவர்கள். மேனாடுகளிலே ஓர் அரசாங்கம் தானே வெளியிட்ட முதற் றாட்பணம் இதுவே என்பர். பிற குடியேற்றங்களும் இவ்வழியைப் பின்பற்றின. பிலடெல்பியாவில் அச்சுத்தொழில் செய்த பெஞ்சமின் பிராங்கிளின் 1729 இல் தாட்பணத்தை ஆதரித்துச் சிறுநூலொன்று எழுதினார். அதன்பின் பென்சில்வேனியாவின் பணத்தை அச்சிடும் வேலையும் அவருக்கே கிடைத்தது. கள்ளத்தாள் அடிப்போரைத் தடுப்பதற்கு அவர் கண்ட உபாயம் வியக்கத்தக்கது. மரத்திலையொன்றின் நரம்புகளை அச்சிற் பதித்துத் தாளின் பின்புறத்திற் பொறித்தார். ஓரிலையின் நரம்பு மற்றோரிலையில் அமைவதில்லையாதலின் எந்தச் சித்திரகாரனாலும் அதனைப் பார்த்து வரைய இயலவில்லை. அவருடைய தாள்களிலே, கள்ளத்தாள் அடித்தல் மரணதண்டனைக்குரியது என்னும் எச்சரிக்கையும் அச்சாகியிருந்தது.

1775 இல் பிரித்தானியாவை எதிர்த்துப் போர் மூண்டது. பதின்மூன்று குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய காங்கிரஸ் சபைக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை. படைக்கோ உணவும் உடையும் வெடிமருந்தும் வேண்டும். அவ்வாண்டு யூன் மாதத்தில் 20 இலட்சம் டொலர் பெறுமதியான தாள்களை வெளியிட அச்சபை முடிவு செய்தது. இத்தாளை வைத்திருப்பவர் இத்தனை ஸ்பானிய வெள்ளி டொலரையோ அதற்கீடான பொன் வெள்ளியையோ பெற உரியவர் என்று ஒவ்வொரு தாளும் கூறியது. அவ்வெள்ளி எங்கேயுள்ளது என்று மட்டும் எத்தாளும் கூறவில்லை. ஒவ்வொரு குடியேற்றமும் பின்னர் வரி திரட்டி மீட்டுக்கொள்ளும் என்னும் எண்ணமே அதற்கு ஆதாரமாயிற்று. 1779 முடிவதற்குள் ஏறக்குறைய 24 கோடி டொலர் இவ்வாறு அச்சாகிவிட்டது.

பகைவரும் வாளாவிருக்கவில்லை. பிரித்தானியர் வசமிருந்த நியூ யோர்க் நகரில் கள்ளத்தாள்கள் பெருந்தொகையாக அச்சாகின. 1777 இல் அந்நகரப் பத்திரிகையொன்று, பிற குடியேற்றங்களுக்குப் பயணஞ் செய்வோர் கடுதாசியின் விலையை மட்டும் கொடுத்து வேண்டிய அளவு கள்ளத்தாள் பெறலாம் என்று விளம்பரமே வெளியிட்டது! கருவிப் போரோடு காசுப் போரும் நடந்தது எனலாம். 1780 மார்ச் மாதத்தில் காங்கிரஸ் சபை தானே நாற்பது தாள் டொலருக்கு ஒரு வெள்ளி டொலர் என மதிப்பைக் குறைத்தது. மறுவருடத்தில் நூறு கொடுத்தும் ஒன்று பெறுதல் அரிதாயிற்று. ஒரு பொருள் ஒன்றுக்கும் உதவாது என்பதற்கு, அது 'ஒரு கொன்ரினென்றல் தாளும் பெறாது' என்று கூறும் பழமொழி அமெரிக்க மக்களிடையே நிலைத்தது.

இதிலே நட்டமடைந்தோர் யாவர்? பொருளைக் கொடுத்துத் தாளை வாங்கிய கமக்காரரும், சம்பளத்துக்குத் தாள் பெற்ற போர்வீரருமே முதன்மையானோர். போரின் இறுதியில் வீரர்களுக்குச் சம்பள நிலுவைக்காகக் கடன் பத்திரங்கள் வழங்கப்பட்டன. வீடு திரும்பிய வறியவர்கள் அவற்றை ஒரு சிறு பங்கு விலைக்கு வணிகர்களிடம் விற்றனர். 1790 இல் முதற் றிறைசேரிச் செயலாளரான அலெக்சாண்டர் ஹமில்டன் இக்கடன் பத்திரங்களுக்கு முழுப் பெறுமதியும் அரசு கொடுக்கவேண்டும் என்றார். எவருக்குக் கொடுப்பது என்னும் வினா எழுந்தது. இப்பொழுது பத்திரத்தை வைத்திருப்பவனுக்குச் சந்தையின் உயர்ந்த விலையைக் கொடுத்து, எஞ்சியதை முதலில் அதனைப் பெற்ற வீரனுக்குக் கொடுக்கவேண்டும் என வாதாடினார் ஜேம்ஸ் மடிசன். அவ்வாறு செய்தால் அரசின் பத்திரத்தை இனி எவரும் நம்பி வாங்கமாட்டார். கைமாறும் பத்திரத்தின் உரிமை கையில் வைத்திருப்பவனுக்கே என்றார் ஹமில்டன். சபை ஹமில்டன் பக்கம் நின்றது. பழைய தாட்பணமோ நூற்றுக்கு ஒன்று என்னும் கணக்கிலே அரசின் முறிகளாக மாற்றப்பட்டது. ஹமில்டனின் முடிவால் அரசின் கடனுறுதி ஓங்கியது உண்மை. அக்கடனுறுதியின் விலையைச் செலுத்தியவன் பத்திரத்தை விற்ற வீரனே என்பதும் உண்மை.

இந்த அனுபவம் 1787 இல் வகுத்த அரசியலமைப்பிலே பதிந்துள்ளது. எந்த மாநிலமும் காசடிக்கவோ கடன் சீட்டு வெளியிடவோ, பொன்னும் வெள்ளியும் அன்றி வேறொன்றைக் கடனிறுக்கும் பணமாக்கவோ கூடாது என்று அது விதித்தது. மத்திய அரசு தாட்பணம் வெளியிடலாமா என்பது பற்றி அது வாய்திறந்திலது. அம்மௌனம் எழுபத்தைந்து ஆண்டின் பின் பெரும் வழக்கொன்றுக்கு இடமாயிற்று.

1792 ஏப்பிரில் 2 ஆம் நாள் நிறைவேறிய நாணயச் சட்டம் டொலரை 371¼ கிறெயின் தூய வெள்ளி என வரையறுத்தது. பன்னிரண்டும் இருபதுமாகப் பகுக்கும் ஆங்கிலக் கணக்கைத் தள்ளி, டொலரை நூறு சதமாகப் பகுக்கும் தசம முறையைத் தோமஸ் ஜெபர்சன் முதலியோர் வற்புறுத்தினர். சட்டம் அதனை ஏற்றது. (இலங்கையிலே ரூபாவை நூறு சதமாகக் கணக்கிடும் முறை 1872 இல் வந்தது, இந்தியா அதனை 1957 வரை ஏற்கவில்லை.) காசில் ஆளும் சனாதிபதியின் தலையைப் பொறிக்கவேண்டும் என்னும் யோசனை எழுந்தபோது அது மன்னராட்சிக்குரிய வழக்கம் என மறுக்கப்பட்டது; சுதந்திரத்தை உருவகித்த பெண்ணுருவமே பொறிக்கப்பட்டது. அக்கசாலை அலுவலர் எவரேனும் காசின் தூய்மையைக் களவாகக் குறைப்பின் அவருக்கு மரணதண்டனை என்றும் சட்டம் கூறியது. பிலடெல்பியாவில் அமைந்த அக்கசாலைக்கு வானநூல் வல்ல டேவிட் றிற்றன்ஹவுஸ் முதல் அதிபரானார். 1793 இல் முதற் செப்புச் சதங்களும் 1794 இல் 1,758 வெள்ளி டொலர்களும் வெளிவந்தன. இச்சிறு தொகை நாட்டுக்குப் போதுமோ? போதாது. ஸ்பானியக் காசும் பிற அந்நியக் காசும் 1857 வரை அமெரிக்காவிற் சட்டபூர்வமாகவே வழங்கின.

இக்காலத்திற் புழங்கிய தாட்பணம் அரசுடையதன்று, தனியார் வங்கிகளுடையது. மத்திய அரசின் சாசனம் பெற்ற வங்கி இருமுறை தோன்றி இருமுறையும் மறைந்தது. இரண்டாவதன் சாசனத்தைப் புதுப்பிக்கும் சட்டத்தை 1832 இல் சனாதிபதி அன்ட்ரூ ஜக்சன் மறுத்தொதுக்கினார். அதன்பின் மாநில வங்கிகள் பெருகின. 1860 அளவில் 1,500 இற்கு மேற்பட்ட வங்கிகள் தத்தம் தாள்களை வெளியிட்டுக்கொண்டிருந்தன. எத்தாள் நல்லது, எது கள்ளம், எது முறிந்த வங்கியினது என்று அறிவிக்கும் பத்திரிகைகளை வணிகர் பெட்டகத்தருகே வைத்துப் புரட்டிப் பார்த்தபின்னரே தாளை வாங்கினர். தொலைவிலுள்ள வங்கியின் தாளுக்குக் கழிவும் உண்டு.

உள்நாட்டுப் போர் இந்நிலையை மாற்றியது. 1861 முடிவில் வங்கிகள் பொன் கொடுப்பதை நிறுத்தின. 1862 பெப்ரவரி 25 ஆம் நாள் காங்கிரஸ் 15 கோடி டொலர்த் தாளை வெளியிடச் சட்டமியற்றியது. பின் அத்தொகை 45 கோடி வரை உயர்ந்தது. பின்புறம் பச்சை மையில் அச்சானமையால் அவை 'பச்சைத்தாள்' எனப்பட்டன. இவற்றிற்கும் முந்திய தாள்களுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. கேட்டபோது பொன் தருவோம் என்று இவை கூறவில்லை. பொது, தனியார் கடன் யாவற்றுக்கும் இதனை ஏற்றேயாகவேண்டும் என்று கட்டளையிட்டன. ஆயினும் அத்தாளிலேயே ஒரு விலக்கும் அச்சாகியிருந்தது. இறக்குமதித் தீர்வைக்கும் அரசின் கடன் வட்டிக்கும் இத்தாள் செல்லாது. முறி வாங்கிய செல்வர்க்கு வட்டி பொன்னாகவும், போர்வீரனுக்குச் சம்பளம் தாளாகவும் கொடுக்கப்பட்டன. வீரனின் மாதச் சம்பளம் 13 டொலர். 1864 இல் 16 டொலர். அவ்வாண்டு யூலை மாதத்தில் 100 டொலர்த் தாள் 40 டொலர்ப் பொன்னுக்கும் குறைவாக விலைபோயிற்று. உயர்ந்த சம்பளமும் பொன்னிற் கணக்கிட்டால் ஏழு டொலரைத் தொடவில்லை.

சில்லறைக் காசும் மறைந்தமையால், மக்கள் முதலில் தபால் முத்திரைகளைக் காசாக வழங்கினர். பின் அரசு 5 சதம், 10 சதம் பெறுமதியான சிறு தாள்களையும் வெளியிட்டது. அவற்றுள் 5 சதத் தாளொன்றில் அச்சுப் பகுதியின் அதிபரான ஸ்பென்சர் கிளார்க் என்பவரின் படமே தோன்றியது கண்டு காங்கிரஸ் வெகுண்டது. உயிரோடிருப்பவரின் உருவத்தைப் பணத்தாளிற் பொறிக்கலாகாது என்று 1866 இல் அது சட்டம் செய்தது.

பச்சைத்தாளை வெளியிட்ட திறைசேரிச் செயலாளர் சால்மன் சேஸ். 1862 ஆம் ஆண்டின் ஒரு டொலர்த் தாளில் அவருடைய உருவமே உள்ளது. 1864 இல் லிங்கன் அவரைப் பிரதம நீதியரசராக்கினார். 1860 இல் எழுதிய கடனொன்றைப் பச்சைத்தாளால் இறுக்கலாமா என்னும் வழக்கு அவர் முன்னிலையில் வந்தது. கடன் எழுதிய காலத்திற் பணம் என்றால் பொன்னும் வெள்ளியுமே. 1870 பெப்ரவரியில், முன்னெழுதிய கடனுக்கு இத்தாளை ஏற்கும்படி வற்புறுத்தல் அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார் சேஸ். தம் கையால் வெளியிட்ட பணத்தைத் தம் நாவாற் செல்லாதென்றார்! போரின் கொந்தளிப்பிலே அமைதியாக ஆராய இடமிருக்கவில்லை என்று அத்தீர்ப்பிற் சமாதானமும் கூறினார். அவரைப் பழித்தோர் பலர். எனினும், செயலாளனின் கடமையும் நீதியரசனின் கடமையும் ஒன்றல்ல என்பதை உணர்ந்து நடந்தவர் என அவரை மதித்தலே தகும். மறு ஆண்டில், புதிதாக நியமனம் பெற்ற இரு நீதியரசர் சேர்ந்தபின், அதே நீதிமன்றம் ஐவர்க்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் முந்திய தீர்ப்பை மாற்றியது. சேஸ் தம் கருத்தை விட்டிலர். 1879 சனவரி 1 முதல் பச்சைத்தாள் மீண்டும் பொன்னுக்கு மாறத்தக்கதாயிற்று.

அந்நூற்றாண்டின் இறுதி முழுவதையும் பொன்னா வெள்ளியா என்னும் போராட்டம் நிரப்பியது. கடன்பட்ட கமக்காரர் வெள்ளியையும், கடன் கொடுத்தோர் பொன்னையும் வேண்டினர். 1896 இல் வெள்ளிக்காக வாதாடிய வில்லியம் ஜெனிங்ஸ் பிறையன் சனாதிபதித் தேர்தலிற் றோற்றார். 1900 இல் பொன்னே அளவு என்று சட்டமாயிற்று. திறைசேரியிற் குவிந்து கிடந்த வெள்ளி டொலர்களுக்கு எதிர்பாராத ஒரு பயன் கீழைத்தேயத்திலே காத்திருந்தது. முதல் உலகப் போரின்போது இந்திய மக்கள் அரசின் தாள்களைக் கொடுத்து வெள்ளி ரூபா கேட்கத் தொடங்கினர். 1918 இல் அரசின் வெள்ளிக் கையிருப்பு ஆபத்தான நிலைக்குக் குறைந்தது. அவ்வாண்டு ஏப்பிரிலில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய பிற்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டொலர்கள் உருக்கப்பட்டன. அவ்வெள்ளியிற் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கு விற்கப்பட்டு இந்தியா சேர்ந்தது. இந்தியத் தாளில் எழுதிய வாக்கு அமெரிக்க வெள்ளியாற் காக்கப்பட்டது. இந்திய ரூபாக் காசே இலங்கையிலும் அக்காலத்திற் புழங்கியது.

1913 இல் மத்திய ஒதுக்கு வங்கி முறை அமைந்தது. இன்று டொலர் எனப்படுவது அதன் தாளே. அத்தாளின் முகத்திலுள்ள வாசகம் ஐம்பதாண்டுக்குள் மாறியவாற்றை நோக்கின் முழு வரலாறும் விளங்கும். 1928 ஆம் ஆண்டு வரிசைத் தாள், கேட்டபோது திறைசேரியிற் பொன்னாக மீட்கத்தக்கது எனக் கூறியது. 1933 ஏப்பிரில் 5 ஆம் நாள் சனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ற், மக்கள் தம்மிடமுள்ள பொற்காசுகளை வங்கிகளில் ஒப்படைக்கவேண்டும் எனக் கட்டளையிட்டார், அவுன்சுக்கு 20.67 டொலர் கணக்கிலே தாள் கொடுக்கப்பட்டது. ஒப்படைத்து ஓராண்டும் ஆகுமுன், 1934 சனவரியில், பொன்விலை 35 டொலராக உயர்த்தப்பட்டது. பொன்னாகவே தருவோம் என்று எழுதிய அரச முறிகளை வைத்திருந்தோர் வழக்குத் தொடுத்தனர். 1935 பெப்ரவரியில் பிரதம நீதியரசர் ஹியூஸ் அளித்த தீர்ப்பு விந்தையானது. அரசு தன் முறியில் எழுதிய வாக்கை மீறியது அரசியலமைப்புக்கு முரணே. ஆயினும் வழக்காளி தனக்கு நட்டம் உண்டு என்பதைக் காட்டவில்லை. ஆதலின் அவருக்கு ஒன்றும் இல்லை என்றது அது.

1934 வரிசைத் தாளிற் பொன் என்னும் சொல் இல்லை. 'சட்டபூர்வமான பணமாக' மீட்கத்தக்கது என்றது. பத்து டொலர்த் தாளைக் கொடுத்தால் இரண்டு ஐந்து டொலர்த் தாள் கிடைக்கும் என்பதே அதன் பொருளாயிற்று. 1963 வரிசையிலிருந்து, வைத்திருப்பவர்க்குக் கேட்டபோது கொடுக்கப்படும் என்னும் தொடரும் நீங்கிற்று. ஒரு டொலர் வெள்ளிச் சான்றிதழ்கள் மட்டும் இன்னும் வெள்ளி தருவதாகக் கூறிக்கொண்டிருந்தன. 1964 மார்ச்சில் மக்கள் வாஷிங்டன் திறைசேரி வாயிலில் வரிசையாக நின்று வெள்ளி டொலர் கேட்டனர். காசு கொடுத்தல் நிறுத்தப்பட்டது. 1968 யூன் 24 வரை வெள்ளித்துகள் கொடுத்தனர். அதன்பின் அதுவும் இல்லை. 1965 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பத்துச் சதக் காசிலிருந்தும் கால் டொலரிலிருந்தும் வெள்ளி நீங்கிற்று.

பிறநாட்டு அரசுகளுக்கு மட்டும் அவுன்சு 35 டொலராகப் பொன் தரும் வாக்கு எஞ்சியிருந்தது. இவ்வாக்கோடு இலங்கைக்கும் தொடர்புண்டு. அமெரிக்க மத்திய ஒதுக்கு முறையைச் சேர்ந்த ஜோன் எக்ஸ்ரர் என்னும் பொருளியலாளரின் அறிக்கையின்மேல் இலங்கை மத்திய வங்கி எழுந்தது. 1950 இல் அவரே அதன் முதல் ஆளுநரானார். 1949 ஆம் ஆண்டின் நாணய விதிச் சட்டம் ரூபாவை 2.88 கிறெயின் தூய பொன் என வரையறுத்தது. 35 டொலர் ஓர் அவுன்சு என்னும் கணக்கில் அது டொலருக்கு 4.76 ரூபாவாகும். 1971 ஓகஸ்ட் 15 ஆம் நாள் சனாதிபதி நிக்சன் பொன் கொடுத்தலை நிறுத்தியபோது அமெரிக்கத் தாளின் பின்னிருந்த கடைசி உலோகமும் நீங்கியது.

தாளுக்கு நேர்ந்தது இது. காசின் கதி வேறு. 1793 இல் செம்பாற் பிறந்த சதம், 1943 இல் போர்த்தேவையால் ஓராண்டு உருக்காலும், 1982 முதல் செம்பு பூசிய நாகத்தாலும் ஆயிற்று. 2024 ஆம் நிதியாண்டில் ஒரு சதத்தை அடிப்பதற்கு 3.69 சதம் செலவாயிற்று. 2025 நவம்பர் 12 ஆம் நாள் பிலடெல்பியா அக்கசாலையில், புழக்கத்துக்கான கடைசிச் சதங்கள் அடிக்கப்பட்டன. மக்கள் கையிலுள்ள சதங்கள் இன்னும் செல்லும். 1861 முதல் அமெரிக்க அரசு வெளியிட்ட தாள்களும், சேஸின் உருவம் தாங்கிய அந்த ஒரு டொலர்த் தாள் உட்பட, இன்றும் தம் முகப்பெறுமதிக்குச் செல்லுபடியாகும்.